ஹரிநாராயணன் பேசாமல் இருந்த மூன்று நிமிடம்

எங்கள் கல்பாத்தித் தெருவில் என் கணவர் ஹரிநாராயணன் எதிரே வந்தால், பாதிப் பேர் ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இவரிடம் மணி கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிப்பார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் பேசியே ஓய்வு பெற்றவர்.

ஓய்வுக்குப் பிறகும் வாய்க்கேற்ற வேலையாகவே கிடைத்தது. கனடாவின் வடகோடியில், சாலையே இல்லாத பனி ஊர்களுக்குச் சின்ன விமானங்கள் விடுகிற கம்பெனி ஒன்று. வீட்டிலிருந்தபடியே போனில் டிக்கெட் பதிவு செய்து தர வேண்டும். நமக்கு விடியற்காலை என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். விமானத்தில் ஏறியே இராத மனுஷர், எந்த ஊருக்கு எந்தக் கிழமை விமானம், நாயை ஏற்ற எந்த அளவுக் கூண்டு என்று காய்கறிக்காரரிடம் விளக்கும் அளவுக்கு ஒரே மாதத்தில் தேறிவிட்டார். ஹெட்போன் காதைக் குத்துகிறது என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் எனக்கும் பாதி உத்தியோகம்.

முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. ஒரு பெரியவர் இடம் கேட்டார். வியாழக்கிழமைதான் இருக்கிறது, போடட்டுமா என்றார் இவர். பதில் இல்லை. நம் ஊரில் போனில் இரண்டு விநாடி சத்தம் இல்லாவிட்டால் லைன் போய்விட்டது என்று அர்த்தம். இவர் நாலு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பாவம், அந்தப் பெரியவர் அடுத்த விமானத்துக்கு ஐந்து நாள் காத்திருந்தார்.

கொச்சியிலிருந்து மேலதிகாரி ஜிதின் கூப்பிட்டார். அந்த ஊர்க்காரர்கள் நிதானமாக யோசித்துத்தான் பதில் சொல்வார்கள், அதுவரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"வாயே தெறக்காம மிண்டாம இருக்கறதும் ஒரு ஜோலியா?" என்று கேட்டார் இவர்.

"அதுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ," என்றேன் நான்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, ஒரு பெண்மணி கூப்பிட்டார். மகளைப் பிரசவத்துக்காக நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், துணைக்கு யாருமில்லை. மறுநாள் விமானத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. அதை விட்டால் பனிப்புயல், ஒரு வாரத்துக்கு எதுவும் பறக்காது. கம்ப்யூட்டர் அந்த இடத்தை மூன்று நிமிடம்தான் பிடித்துவைக்கும். அதற்குள் சரி சொல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "போடட்டுமா?" என்று கேட்டார் இவர்.

எதிர்முனையில் சத்தமே இல்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. இவர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் துடித்தது. இரண்டு நிமிடம் ஆனபோது பொறுமை போனது எனக்குத்தான்.

"ஏன்னா, இன்னொரு தரம் கேளுங்கோளேன். இடம் போயிடப் போறது," என்று காதருகில் கிசுகிசுத்தேன்.

இவர் என் வாயைப் பொத்தினார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இவர் என் வாயைப் பொத்தியது அதுதான் முதல் தடவை.

இருபது விநாடி பாக்கி இருந்தபோது, "போகிறேன்" என்றது குரல். இவர் கீபோர்டில் தட்டிய தட்டில் மேஜையே ஆடியது. இடம் கிடைத்துவிட்டது.

அந்தப் பெண்மணி போனை வைக்கவில்லை. "போன குளிர்காலத்தில் என் புருஷனை இந்த விமானத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெட்டியில்தான் திரும்பி வந்தார். அதற்கப்புறம் நான் இதில் ஏறவில்லை," என்றார்.

இனிமேல் இவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கடிகாரம் ஓடவில்லை, ஜிதினும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை அந்த அம்மாள் காத்திருந்தார்.

கடைசியில், வாசல்வரை வந்து வழியனுப்பும்போது நாம் சொல்வதையே இவர் இங்கிலீஷில் அப்படியே சொன்னார். போய்விட்டு வாருங்கள். இங்கிலீஷ்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று எனக்கே தெரியும்.

மறுபடியும் நெடுநேரம் சத்தமில்லை. நாங்கள் இருவரும் அசையாமல் இருந்தோம்.

"வருவேன்," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "மூன்று பேராக வருவோம்," என்றார்.