வெறும் கிளாஸின் வாசனை

என் அலமாரியில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் நிற்கிறது. அடியில் புடைத்து, மேலே போகப் போகக் குறுகி, மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் வாய் கொண்டது. "தண்ணியும் குடிக்கிறதில்ல, பூவும் வெக்கிறதில்ல. வெறுங்கிளாஸை எதுக்குடா மோந்துக்கினே இருக்கிற?" என்று அம்மா கேட்கும். அதற்குப் பதில் சொல்வதென்றால் சாம்பிள் ரூம் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. எனக்கு ஆம்பூரில் தோல்பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு கடிதம் எழுதி ஆர்டரைக் கவனிக்கிற வேலை. நான் தனியாகக் கையாண்ட முதல் ஆர்டர் ஓர் அமெரிக்கருடையது. ஒரு விஸ்கி பாட்டிலும் இரண்டு கிளாஸும் வைக்கிற தோல் பெட்டி. சாம்பிள் பிடித்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊருக்கு. கூடவே ஒரு பாட்டிலையும் இரண்டு விதமான கிளாஸையும் அனுப்பியிருந்தார். ஒன்று கனமான, வாயகன்ற கிளாஸ். இன்னொன்று இந்தக் குறுகல் வாய்க்காரன். 'பெட்டியை எந்தக் கிளாஸுக்கு அளவெடுக்க வேண்டும் என்று நீங்களே ருசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், புதன்கிழமை வருகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அது அமெரிக்கன் சிங்கிள் மால்ட். முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில் காய்ச்சுவது. மூன்று நாள் உட்கார்ந்து அந்த வகை விஸ்கியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்கு ஒரே பரபரப்பு. எங்கள் பக்கம் பிளாஸ்டிக் டம்ளரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் கவிழ்ப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வாசனை தெரியாமல் உள்ளே போய்விட வேண்டும். இங்கே என்னவென்றால், வாசனைக்காகவே ஒரு கிளாஸ் செய்திருக்கிறார்கள்!

எங்கள் முதலாளி தொழுகை தவறாதவர். "பெட்டி தைக்கிறது நம்ம தொழில். பாட்டில் கேட்டைத் தாண்டி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை, சத்துவாச்சாரியில் மேனேஜர் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. உள்ளேயும் தோலே ஒட்டிய சாம்பிள் பெட்டியை எடுத்துப்போனேன். மூன்று நாளாக அதற்குள்ளேயே இருந்த கிளாஸ்களை எடுத்து, மெல்லிய ஆட்டுத்தோல் துண்டால் பளபளவென்று துடைத்தேன். ஊற்றினேன். மோந்தேன். குடித்தேன். தொண்டை எரிந்ததே தவிர, படித்த எதுவும் வரவில்லை. இரண்டு கிளாஸுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. "அகல கிளாஸ்தான்யா கெத்து. அதையே முடிச்சுடு" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில் தைக்கிற அக்கா வந்தார். பிரசவத்துக்காக நெமிலியில் அம்மா வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர். தைக்கப்போகிறவர் பெட்டியைப் பார்க்கட்டும் என்று மேனேஜர் வழியிலேயே இறங்கச் சொல்லியிருந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் குறுகல் கிளாஸை நீட்டினேன்.

"பால் குடுக்கிற பொம்பள கையில சரக்கைக் குடுக்கிற. நல்லா இருப்பியா நீ?"

"குடிக்க வேணாக்கா. மோந்து மட்டும் பாரு."

மோந்தார். முகம் சுருங்கியது. "இன்னா தம்பி இது, தோல் ஃபினிஷிங் டிபார்ட்மெண்டே உள்ள இருக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. காலேஜ் ஹாஸ்டலில், ஊரிலிருந்து நான் திரும்பும் ஞாயிறுகளில் என் அறைத்தோழன் பேசாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான். காற்றுக்காகத்தான் திறக்கிறான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மேல் வருகிற வாசனைக்காக என்று பிறகுதான் புரிந்தது. அந்தக் கோபம் இப்போது அக்கா மேல் வந்தது. "தோல் நல்ல வாசனைதானே அக்கா? அதுக்குத்தானே காசு குடுக்குறாங்க?" என்றேன்.

"நல்ல வாசனைதான். நான் இல்லன்னனா? கிளாஸுக்குள்ள அதுக்கு இன்னா வேலை?" என்றவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது சார். தினம் அதுலயே கெடக்குறீங்க. ஆறு மாசம் முன்னாடி எனக்கும் தெரிஞ்சிருக்காது."

சொன்னதோடு நிற்கவில்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு கிளாஸையும் வெந்நீரில் மூன்று முறை அலசி, மொட்டைமாடி வெயிலில் அரைமணி நேரம் வைத்து எடுத்துவந்தார். மறுபடி ஊற்றினோம். அகல வாயிலிருந்து ஒன்றும் பெரிதாக எழும்பவில்லை. குறுகல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார்.

"எங்கம்மா ஊட்டு அடுப்புடா! வேலிக்காத்தான் விறகு எரியுது."

பாட்டிலோடு வந்த தாளை அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். அந்த வடிசாலையில் பார்லியை மெஸ்கீட் என்ற மரத்தின் புகையில் உலர்த்துகிறார்களாம். போனில் தேடினேன். அது நம் வேலிக்காத்தானுக்கு, அதாவது சீமைக்கருவேலத்துக்கு, பங்காளி மரம்! பாலாற்றங்கரை முழுக்க யாரும் மதிக்காமல் முளைத்துக் கிடக்கிற முள், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டிலுக்குள் பவிசாக உட்கார்ந்திருக்கிறது. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு வாய் குடித்தேன். முதலில் புகை, பின்னால் வறுத்த தானியம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் வெல்லப்பாகு. "வருது சார், வருது!" என்று நான் கத்தியதில் குழந்தை விழித்து அழுதது.

அக்கா திங்களும் செவ்வாயும் நிமிரவில்லை. பெட்டியின் உள்தோலை முழுக்கப் பிரித்தெறிந்துவிட்டு, துவைத்துக் காயவைத்த காடாத்துணியை உள்ளே வைத்து, குறுகல் கிளாஸின் இடுப்புக்குச் சரியாக இரண்டு பைகள் தைத்தார். புதன்கிழமை அமெரிக்கர் வந்தார். கம்பெனிக்குள் பாட்டில் இல்லாததால் அவர் சோதிக்க முடிந்தது வெறும் கிளாஸை மட்டும்தான். பெட்டியைத் திறந்தார், தையலைக்கூடப் பார்க்காமல் கிளாஸை எடுத்து உள்ளே மூக்கை வைத்தார். "ஒன்றுமே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். ஆர்டர் கிடைத்தது. சாம்பிளுக்கு வந்த குறுகல் கிளாஸை மேனேஜர் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அக்கா இப்போது நெமிலியிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறார். போன மாதம் நான் பத்து நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போய்த் திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததும், பையைக்கூட இறக்காமல், அலமாரியிலிருந்த கிளாஸை எடுத்து மோந்தேன். பக்கத்து ஆணியில் தொங்கும் அப்பாவின் வேலைச் சட்டை அதற்குள் முழுசாக இருந்தது. தோல், சுண்ணாம்பு, வியர்வை, கொஞ்சம் தேங்காயெண்ணெய். எங்கள் வீடு எப்படி மணக்கும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா தம்பி, நாறுதா?"

"ஜாஸ்திக்கா!"

"அப்ப கழுவிடாத" என்றார்.

கழுவவில்லை. மறுநாள் காலை ஆசையாக எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அடுத்து எப்போது வெளியூர் அனுப்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.