மில்லுக்குப் போகாத ஏழு பலகைகள்

வட்ட ரம்பம் ஈர மரத்தைத் தொடும்போது எழுகிற கீச்சொலி, நான் சிறுவனாக இருந்தபோது சின்னமனூரில் எங்கள் தெருவுக்குக் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை, சாப்பாட்டு நேரம் போக ஒன்பது மணி நேரம் கேட்கும். கூடவே மரம் கருகும் கசப்பு வாடையும் வரும். தெருமுனையில் இருந்த அந்த அறுவை மில்லின் ரம்ப மேசையில்தான், எனக்கு ஏழு வயதானபோது, அங்கே வேலை பார்த்த அய்யா, அதாவது என் அப்பா, தன் இடது கையின் இரண்டு விரல்களை இழந்தார். தள்ளிய கட்டை பின்னுக்கு எகிறியது, அவ்வளவுதான். அதன்பின் திராட்சைத் தோட்டங்களில் கல்தூண் நட்டுப் பந்தல் போடும் வேலைக்குப் போனார்.

இரண்டு வருடம் கழித்து, காற்றில் சாய்ந்த எங்கள் வேம்பை ஆள் வைத்துப் பிளந்து, வீட்டுக் கதவுக்காக ஏழு பலகை எடுத்தோம். ஓரங்கள் பட்டையோடு கோணல்மாணலாக இருந்தன. மில்காரர் வாசலுக்கே வந்து சிரித்தார்.

“என்னய்யா, ரெண்டு வெரலு போனதுக்கே மில்லுப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டீராக்கும்?”

அய்யாவின் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் விடிந்ததும் பலகைகளை மாட்டுவண்டியில் ஏற்றினார். தானே ரம்பத்தில் தள்ளி அறுத்துக் காட்டப்போவதாகச் சொன்னார். அம்மா வண்டியில் ஏறிப் பலகைகளின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“மிச்சம் எட்டு வெரலு இருக்கு. அதுல ஒண்ணக்கூட அந்த மில்லுக்குத் தரமாட்டேன்.”

“எறங்குடி, ஊரு பாக்குது.”

“பாக்கட்டும். வெரலு போனா ஊரா குடுக்கும்?”

அம்மா இறங்கவே இல்லை. கடைசியில் அய்யா மாட்டை அவிழ்த்துவிட்டார்; இருவரும் அந்த வண்டியையே வேலை மேசையாக்கினார்கள். கையால் பிடிக்க வேண்டாம் என்பதற்காகப் பலகையை வண்டிச் சட்டத்தோடு இரண்டு இடத்தில் கயிற்றால் இறுக்கினார்கள். கரி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, கைவாளால் அம்மா அறுத்தார். வாள் போகும் வழியில் யார் கையும் வரக்கூடாது என்பதே சட்டம். ஓர் ஓரத்துக்கு நானூற்று இருபது இழுப்பு; எண்ணியவன் நான்.

“ஆத்தாடி, பொம்பள வாளு இழுக்குறா!” என்றார் எதிர்வீட்டு அத்தை.

“வாயி சும்மாதான இருக்கு மதினி, இங்கன வந்து ஒரு இழுப்பு இழுங்க” என்றார் அம்மா.

முதல் பலகையின் மூலைகள் கோணிப்போயின. பந்தல் தூண்களுக்கு மூலை பிடிக்கிற வழக்கப்படி, அய்யா தேங்காய்நார்க் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து பிடி என்று முடிச்சிட்டு, முக்கோணமாக இழுத்து, மூலை செங்கோணமா என்று “மட்டம்” பார்த்தார். தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் பொய்க்காத கணக்கு, பலகையில் அரை அங்குலம் பொய்த்தது. முடிச்சே கட்டைவிரல் தடிமன் இருந்தது, கயிறும் இழுத்த இழுப்புக்கு நீண்டது. அம்மா கயிற்றை வீசிவிட்டுத் தையல் நூலை எடுத்தார். எதிரெதிர் ஓரங்கள் ஒரே அளவா என்று பார்த்தபின், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூல் பிடித்தார். அதே நூலை மற்ற இரு மூலைகளுக்கும் பிடித்தார். இரண்டும் ஒத்துப்போகும்வரை அய்யா இழைப்புளியைத் தள்ளினார். ஏழு பலகையும் முடியப் பதினொரு நாள் ஆனது.

மில்காரர் தன் இரும்பு மூலைமட்டத்தோடு வந்து இருபத்தெட்டு மூலைகளிலும் வைத்துப் பார்த்தார்; ஒன்றிலும் இடைவெளி இல்லை.

“யாரு அறுத்தாக?”

“எம் பொண்டாட்டி” என்றார் அய்யா. அன்று அவர் குரல் உரக்கவே இருந்தது.

இப்போது அந்த மில் இல்லை; அங்கே செல்போன் கடையும் பேக்கரியும் இருக்கின்றன. பழைய அடையாளம் போய்விட்டதே என்று என் வயதுக்காரர்கள் நான்கு பேர் புலம்புகிறார்கள். எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. பயந்த குடும்பம் என்று எங்களைச் சொன்னவர்கள் இன்னும் சொல்லிக்கொள்ளட்டும். அய்யா அதன்பின் முப்பத்தோர் ஆண்டுகள், அந்த எட்டு விரலும் குறையாமல் வாழ்ந்தார். கடைசி நாள்வரை தன் சோற்றைத் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.