மச்சான் கொண்டுவந்த ஒயில்

என் மனைவி குடும்பநல மருத்துவமாது. எங்கள் தீவில் வேலணையிலும் சரவணையிலும் கர்ப்பிணிகளையும் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவளுடைய வேலை. மணல் ஒழுங்கைகளுக்கு ஸ்கூட்டர் சரிவராது என்று கியர் உள்ள மோட்டார் சைக்கிள்தான் வைத்திருக்கிறாள். இருவரும் சேர்ந்து போனால் அவள் வண்டி ஓடுவாள், நான் பின்னால் இருப்பேன். நான் படிப்பிக்கும் பிள்ளைகள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

போன வைகாசியில் அவளுடைய தம்பி கனடாவிலிருந்து வந்தான். அங்கே கார் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறான். வந்த அன்றே பெட்டியைத் திறந்தான். எனக்குச் சேட்டு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து. அக்காவுக்கு ஒரு சேலை. அந்தச் சேலைக்குள் பொத்திச் சுற்றி, பொலித்தீன் பைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் கலன்.

"என்னடா இது, நல்லெண்ணெயோ?"

"எஞ்சின் ஒயில் அக்கா. நீ மோட்டச்சைக்கிளிலதானே வேலைக்குத் திரியிறனி. இதைவிடத் திறம் ஒயில் கிடையாது."

அவள் சேலையைக் கதிரையில் போட்டுவிட்டு ஒயில் கலனை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் சாரத்தை மடித்துக் கட்டி, வேப்பமரத்தின் கீழே குந்தியிருந்து பழைய ஒயிலை ஒரு பேசினுக்குள் வடித்தான். புதியதை ஊற்றும்போது அது தண்ணீரைப்போல இறங்கியது.

"மெல்லிசாக் கிடக்குதே தம்பி?"

"அதுதான் அக்கா அதின்ர திறம். அங்கை பனிக்குள்ளையும் உடனை ஸ்ராட் வரும்."

எங்கள் முற்றத்தில் அப்போது கோழிகள்கூட நிழலை விட்டு வெளியே வரவில்லை. ஆனாலும் அவன் ஸ்ராட் பண்ணிக் காட்டினான். எஞ்சின் சத்தம் உண்மையாகவே மெதுவாகியிருந்தது. அதன்பிறகு அவள் வேலையால் வரும் நேரம் பார்த்து அவன் வாசல் படலையடியில் நிற்பான்.

"எப்பிடி ஓடுது அக்கா?"

"பூ மாதிரி ஓடுது."

அடுத்த கிழமை அவள் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். மோட்டார் சைக்கிளைப் பின்கொட்டிலில் விட்டுவிட்டு, தம்பி எழும்ப முதலே போய்விடுவாள்; பின்னேரங்களில் அவன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விடுவதால் அவள் திரும்பி வருவதையும் காணவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கிட்டத்தானே. காலுக்கும் நல்லது."

அந்த வெயிலில் சரவணைக்குச் சைக்கிள் மிதிப்பது காலுக்கு நல்லதென்று அவள் எந்தக் கர்ப்பிணிக்கும் சொல்லியிருக்கமாட்டாள். ஏதோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

சனிக்கிழமை அவளுக்குக் கிளினிக் இருந்தது. நயினாதீவு அம்மனிடம் போகவேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக நின்றான். குறிகட்டுவான் துறைவரை போய், அங்கிருந்து லோஞ்ச் என்ற இயந்திரப் படகில்தான் அந்தத் தீவுக்குப் போகவேண்டும்.

"பஸ்ஸில போங்கோவன் ரெண்டு பேரும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறையும் சொன்னாள்.

"மோட்டச்சைக்கிள் கிடக்க ஏன் அக்கா பஸ்?"

வண்டியை அவன் ஓட, நான் பின்னால் இருந்தேன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலுக்குள்ளால் போகும் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. அவன் அக்சிலேற்றரை முறுக்கினான். எஞ்சின் அலறியது. வண்டி போகவில்லை. இன்னும் முறுக்கினான், சத்தம் கூடியதே தவிர வேகம் குறைந்தது. சாமான் கட்டிய சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டும்போது, "என்ன தம்பிமார், பாரம் கூடிப்போச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நடுப்பாலத்தில் இறங்கினோம். இரண்டு பக்கமும் கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. அவன் குனிந்து எஞ்சினைப் பார்த்தபடியே நின்றான்.

"அத்தான், நான் ஒரு மடையன்."

"என்ன நடந்தது?"

"கிளச் வழுக்குது. இது கார் ஒயில். கார்க் கிளச்சுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் தொடுசல் இல்லை. இதில கிளச் அந்த ஒயிலுக்குள்ளதான் ஊறிக்கொண்டு கிடக்குது. வழுவழுப்பு மருந்து போட்ட ஒயில். அதோட இந்தச் சூட்டுக்கு இன்னும் இளகிப்போச்சு. எனக்குத் தெரியாத விசயமே? அக்காவுக்குத் திறமானதாக் குடுக்கவேணும் எண்டதுதான் தலைக்குள்ள நிண்டது."

பிறகு நிமிர்ந்து கேட்டான். "அக்காவுக்குத் தெரியுமோ?"

"இப்ப சைக்கிளிலதான் வேலைக்குப் போறா."

அவன் பாலத்து ஓரச் சுவரில் குந்திவிட்டான்.

"பூ மாதிரி எண்டு சொன்னவ" என்றான். "இடம்பெயர்ந்து இருக்கேக்க ஒருநாள் நான் கஞ்சி காய்ச்சினனான். உப்புப் போட மறந்திட்டன். அண்டைக்கும் நல்லாயிருக்கு எண்டு சொல்லிக் குடிச்சவ." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். காற்று இரண்டு பேருடைய சிரிப்பையும் அள்ளிக்கொண்டு போனது.

எஞ்சின் ஆறியதும் வண்டியைத் திருப்பினோம். இப்போது சோளகம் முதுகில் தள்ளியது. மெல்ல மெல்ல உருட்டி வேலணைச் சந்திக்கு வந்து சேர்ந்தோம்.

உதிரிப்பாகக் கடையில் அவன் ஒவ்வொரு போத்தலாகத் திருப்பித் திருப்பி வாசித்தான். ஈரக் கிளச்சுக்கு உகந்தது என்பதற்கு அடையாளமான 'எம்.ஏ.' என்ற எழுத்துகளை முதலில் தேடினான். பிறகு இலக்கங்களைக் காட்டினான். முன்னால் நிற்கும் இலக்கம் குளிருக்கு. பின்னால் நிற்பது சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு.

"பத்து-நாப்பதும் போடலாம். ஆனா அக்கா மணலுக்குள்ள முதல் கியரில உருட்டிறவ, வீட்டுக்கு வீடு நிப்பாட்டிறவ. காத்துப் படாமல் எஞ்சின் கொதிக்கும். அவவுக்கு இருபது-அம்பதுதான் சரி."

பழையதைக் கழுவி எடுக்க ஒன்று, ஓட ஒன்று என்று இரண்டு போத்தல் வாங்கினோம். அவள் கிளினிக் முடிந்து வந்தபோது மரத்தடியில் எங்கள் இருவருடைய கைகளும் முழங்கைவரை கறுப்பு.

"என்ன, லோஞ்ச் பிடிக்கேல்லையோ?"

"இல்லை. நீ பொய் சொன்னதாலை" என்றான் மச்சான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசினைப் பார்த்தேன்.

"எயாப்போட்டில பெட்டியை நிறை பார்த்துத்தான் விடுவாங்கள்" என்றாள் அவள். "அதுக்குள்ளையும் நீ எனக்கு ஒயில் தூக்கிக்கொண்டு வந்தனி. அதைச் சரியில்லை எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

"கிளச் பிளேட் கருகியிருந்தால்?"

"கருகக்கூடாதெண்டுதானே சைக்கிளில போனனான்."

 அவன் கையைத் துடைக்காமலே அவளைக் கட்டிப்பிடிக்கப் போனான். அவள் வேலைச் சீருடையைக் காப்பாற்றிக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினாள். நான் எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். தடித்த, நிதானமான சத்தம் வந்தது. முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓடிப் பார்த்தேன். முறுக்கிய அளவுக்கு வண்டி இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் மோட்டார் சைக்கிளில் குறிகட்டுவானுக்குப் புறப்பட, நான் பஸ்ஸில் போனேன். பாலத்தில் அவர்கள் பஸ்ஸைத் தாண்டினார்கள். அவன் காற்றுக்குக் குனிந்து ஓடிக்கொண்டிருந்தான். அவள் பின்னால் இருந்து அவனுடைய காதுக்குள் ஏதோ கத்திக்கொண்டு போனாள்.

"என்ன சொன்னவ?" என்று துறையில் அவனிடம் கேட்டேன்.

"கியர் மாத்தத் தெரியேல்லையாம் எனக்கு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.