அண்ணன் குரலும் சீல் அடித்த டிரான்ஸ்போர்மரும்

எழுபதுகளின் கடைசியில் அண்ணன் சவூதிக்கு டிரைவராகப் போனான். இலங்கையில் பிரஜாவுரிமை இல்லாத எங்களைப் போன்ற தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பாஸ்போர்ட் குதிரைக்கொம்பு. அப்பா வருஷக்கணக்கில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து அவனுக்கு இரண்டையும் எடுத்துக் கொடுத்திருந்தார்.

ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் பழைய டேப் ரெக்கோர்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். பெரிய ஸ்பூல் சுற்றும் அமெரிக்கச் சாமான். அதிலேயே அம்மாவுக்குப் பேசிப் பதிந்திருந்தான். அடியில் நூற்றிப்பத்து வோல்ட், அறுபது சைக்கிள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை என்பதால் எங்கள் வீட்டில் கரண்ட் உண்டு. அது இருநூற்று முப்பது வோல்ட். நேரே செருகினால் புகைந்துவிடும் என்று பதுளை ரேடியோக் கடைக்காரர், தரமுத்திரை குத்திய டிரான்ஸ்போர்மர் ஒன்றைத் தந்தார்.

"சோதிச்சு சீல் அடிச்ச சாமான். பயப்படாம போடுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்றும் எரியவில்லை, ஷாக்கும் அடிக்கவில்லை. சைக்கிளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஸ்பூல் சுற்றியது. "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்றான் அண்ணன். காய்ச்சலில் கிடப்பவன் போல, கனத்து இழுத்து இழுத்து வந்தது குரல்.

"புள்ளைக்கு ஒடம்பு முடியல. மறைக்கிறான்" என்றாள் அம்மா.

சுகமாக இருப்பதாக அவன் எழுதிய கடிதங்களை அவள் நம்பவே இல்லை. சும்மா கூப்பிட்டால் வரமாட்டான் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பா அப்புத்தளைக்குப் போய்த் தந்தி அடித்தார்: "அம்மா சீரியஸ். உடனே வா."

அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்தான். மழையில் நனைந்தபடி உள்ளே ஓடியவன், அடுப்படியில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவனுக்குக் கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது.

டேப்பைக் கேட்டதும் அது தன் குரலே இல்லை என்றான். நானும் அவனும் எல்லாவற்றையும் பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் ரெக்கோர்டரின் அடியில் எழுதியிருந்ததை அப்போதுதான் முழுதாக வாசித்தார்.

"இந்த டிரான்ஸ்போர்மர் வோல்ட்டத்தான் கொறைக்கும். அங்க கரண்ட் செக்கனுக்கு அறுபது சைக்கிள், நம்மது அம்பது. மோட்டர் மெதுவாத்தான் சுத்தும். கொரலும் இழுக்கும்."

அந்த டிரான்ஸ்போர்மரை ரோட்டில் போட்டு உடைக்கலாமா என்று ஆத்திரம் வந்தது. உடைத்து என்ன பயன், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

சவூதியில் அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மறுபடி போக எவ்வளவோ முயன்றான், சரிவரவில்லை. கடைசியில் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பெயர் கொடுத்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் வேலை கிடைத்தது.

முதல் நாள் அம்மாதான் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு.

"நீ வந்த பொறகுதான்டா எனக்குத் தூக்கமே வருது."

அண்ணன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, "சரிம்மா" என்றான்.