இருபது விநாடி அசையாமல் நிற்க ஒரு ஆள்

நட்சத்திரப் படம் எடுக்கிற தொழிலுக்கு நிலா கூடாது, மேகம் கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது. அப்படி ஒரு இடத்தைத் தேடிப் பிடித்துப் போய் நின்ற பிறகு, படத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

வெறும் வானத்தை எடுத்தால் யாரும் வாங்குவதில்லை. கீழே கொஞ்சம் மண், ஓரமாக ஒரு மனிதன், அவன் தலைக்கு மேலே பால்வீதி என்று இருந்தால்தான் சுவரில் மாட்டுகிறார்கள். ஷட்டர் இருபது விநாடி திறந்திருக்கும். அதுவரை அந்த மனிதன் அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் புகையாகிவிடுவான். கடலூர் முதுநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பெரிய கேமரா, அதைத் தூக்க ஒரு உதவியாளர், படத்திலும் அவரே நின்றுவிடுவார். பிறகு மிரர்லெஸ் என்கிற சின்னக் கேமரா வாங்கினேன். லென்ஸோடு சேர்த்தே ஒரு சாப்பாட்டு டப்பா கனம்தான். தூக்க வேலை இல்லாமல் போனதும் அவர் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்.

என் மனைவி ஜெசிந்தா குவைத்தில் நர்ஸ். அவளுடைய ஒப்பந்தம் முடிகிற சமயம். மறுபடியும் கையெழுத்துப் போடவா என்று போனில் கேட்டாள். போடாதே, வந்துவிடு என்று சொல்லத்தான் ஆசை. "உன் இஷ்டம்" என்றேன். வீட்டிலும் ஆள் இல்லை, காட்டிலும் ஆள் இல்லை. ராத்திரியில் கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

மோட்டார் கொட்டகை

குமராட்சிப் பக்கம் வயலுக்கு ராத்திரியில்தான் கரண்ட் விடுகிறார்கள். மோட்டார் போட வந்த பெரியவர் ஒருவரைப் பிடித்து, "மாமா, அந்த வரப்புல கொஞ்ச நேரம் ஆடாம நில்லுங்க" என்றேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். கொசுவைக்கூட அடிக்கவில்லை. அருமையான படம்.

ஆசையாக ஓடி வந்து பார்த்தார். வானமெல்லாம் வெளிச்சம், அவர் மட்டும் கறுப்பு நிழல். இப்படித்தான் வரும், இதுதான் அழகு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூஞ்சியே தெரியாத போட்டோவுக்கு நான் எதுக்கு தம்பி, ஒரு கழிய நட்டு வச்சிருந்தா பத்தாதா?"

பாய் நின்ற படம்

பரங்கிப்பேட்டை கடற்கரையில் தூக்கம் வராமல் நடக்க வருகிற ஒரு பாய் இருக்கிறார். சவூதியில் வேலை பார்த்துவிட்டு, வயதான பிறகு ஊர் திரும்பியவர். கேட்டதும் போய் நின்றார். அவரைப் போல் அசையாமல் நின்றவர் யாரும் இல்லை. எடுத்தாயிற்று, வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அங்கேயும் வானம் இப்படித் தெரியுமா என்று பேச்சுக்குக் கேட்டேன். "அங்க பாலைவனத்துல இதவிட ஜாஸ்தி தெரியும் தம்பி. கூப்ட்டுக் காட்டத்தான் பக்கத்துல ஆள் இருக்காது."

பாக்கெட்டில் வெளிச்சம்

ஒரு நாள் யாரும் கிடைக்கவில்லை. வீராணம் ஏரிக்கரையில் கேமராவுக்கு டைமர் வைத்துவிட்டு நானே ஓடிப் போய் நின்றேன். ஷட்டர் திறந்த நேரம் பார்த்துச் சட்டைப் பாக்கெட்டில் போன் அடித்தது. ஜெசிந்தாதான், அந்த நேரத்துக்கு அவள்தான் கூப்பிடுவாள். எடுத்தால் படம் போய்விடும் என்று கல்லாக நின்றேன். அடித்து அடித்து நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தால் நெஞ்சுக்கு நேரே போன் வெளிச்சம் வெள்ளையாக ஒரு பொட்டு, ஊரே பார்க்கிற மாதிரி.

திரும்ப நான்தான் கூப்பிட்டேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அப்புறம் கேட்டாள்: "அப்பறம் ஏன் எடுக்கல?"

ஹாலுக்கு ஒரு படம்

அண்ணாமலை நகர் பக்கத்தில் புது வீடு கட்டிய வாத்தியார் ஒருவர் ஹாலுக்குப் பெரிய படமாகக் கேட்டார். மறுபடி போய் எடுத்த ஏரிக்கரைப் படத்தைக் காட்டினேன். மிகவும் பிடித்துவிட்டது. தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா உற்றுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். படத்தில் நிற்பது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்னை நானே அழித்தேன். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

அந்த அம்மா சொன்னது இதுதான்: "படம் நல்லாருக்கு சார், அந்த ஆள மட்டும் எடுத்துடுங்க. புது வீட்ல ஒத்தயா ஒருத்தன் நின்னா நல்லாவா இருக்கும்?"

சாமியார்பேட்டை

ஜெசிந்தா லீவில் வந்தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். படத்துக்கு நிற்க வருகிறாயா என்றேன். உடனே வந்தாள். சாமியார்பேட்டை கடற்கரையில் அலை ஓரமாக அவளை நிறுத்திவிட்டு, தூரத்தில் வந்து ஷட்டரை அழுத்தினேன். பாதியிலேயே ஆள் நகர்வது தெரிந்தது. நில்லு, நில்லு என்று கத்தினேன். அவள் மணலில் நேராக என்னை நோக்கி நடந்து வந்துவிட்டாள். படத்தில் கடல் இருக்கிறது, வானம் இருக்கிறது, அவள் இல்லை.

எனக்குக் கோபம். இருபது விநாடி நிற்க முடியாதா என்றேன். "அங்க தனியாத்தான நிக்கிறேன். இங்க வந்தும் தனியா நிக்கச் சொல்றீங்க" என்றாள். பாதி அலைச் சத்தத்தில் போனாலும் கேட்டுவிட்டது. அன்று போனிலேயே சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்: "போவாத ஜெசி. என்னால முடியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முக்காலியை அவளே மடக்கினாள். "இத வீட்லயே சொல்லியிருந்தா கொசுக்கடியாவது மிச்சமாயிருக்கும். வாங்க போவோம்."

ஆகவே, ராத்திரிப் படத்துக்குப் போகிறவர்களே, கூட வந்தவரை அசையாமல் நிற்கச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள், வானம் அதுவரை எங்கேயும் போய்விடாது.