எனக்காக நடந்த ஜாகா

எல்லாருக்கும் சர்க்கரையும் கொழுப்பும் குறைய வேண்டும் என்று, கிளினிக்காரர்கள் எங்கள் செராஸ் பிளாட்டில் ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நடக்கிற அடிகளை அது எண்ணும். மூன்று மாதம், தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்.

இரண்டாம் வாரமே எங்களுக்கு அலுத்துவிட்டது. ஆனால் கீழே காவலுக்கு இருந்த ஜாகாவுக்கு பிளாட்டைச் சுற்றி நடப்பதுதான் வேலையே. ஒட்டடைக் குச்சி மாதிரி உடம்பு. முதலில் கடிகாரத்தை அவரிடம் நீட்டிய புண்ணியவான் யாரோ, கொஞ்ச நாளில் அவருடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை எங்கள் கடிகாரங்கள்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது கேட்டில் நிறுத்தி, என்னுடையதைக் கழற்றிக் கொடுப்பார்.

"பாஸ், இன்னிக்கு நல்லா நடந்தீங்க லா."

நானும் வெட்கமில்லாமல் தேங்க்ஸ் சொல்லிவிட்டு, லிஃப்ட் பிடித்து முதல் மாடிக்குப் போவேன்.

மூன்று மாதம் முடிந்ததும் கிளினிக் தாதி கீழ்த்தள ஹாலுக்கு வந்து, எடை பார்த்து ஆளுக்கோர் அட்டையில் எழுதினார். இரண்டு கிலோ கூடியிருந்தேன்.

"தினமும் இவ்ளோ நடக்குறீங்க, அப்புறம் எப்படி அங்கிள்?"

நான் அட்டையை வாங்கிக்கொண்டு நழுவினேன்.

வெளியே வந்ததும் ஜாகா என் அட்டையை வாங்கிப் படித்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"சாரி பாஸ். நாளைலேர்ந்து இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கிறேன்."

அது கேலியா, கவலையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய பெல்ட்டில் மட்டும் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தது.