சாவடியில் கொட்டிய பெட்ரோல்

என் வீட்டுக்காரரின் பஸ் பாதி சாராயத்தில் ஓடியது. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்போது எங்கள் ஊரில் நம்பாத ஆள் கிடையாது; காலையில் வண்டியைக் கிளப்பினால் தெரு முழுக்கச் சாராயக்கடை வாசம் அடிக்கும். "மோட்டாரு விடியறதுக்குள்ள ஊத்திக்கிச்சுங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு சொட்டு குடிக்காத மனிதனைக் கட்டிக்கொண்டு குடிகாரன் பெண்டாட்டி மாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவது என் தலையெழுத்து.

மோட்டார் பஸ்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. பெட்ரோல் கோயமுத்தூரிலிருந்து டின்னில் வரவேண்டும். வரும்போது வரும், வராதபோது பஸ் வாசலில் நிற்கும். அதற்கு எதிர்மாறாக, சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து ஸ்பிரிட் இறக்கும் இடம் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சீமையில் பெட்ரோலோடு ஸ்பிரிட்டைக் கலந்து கார் ஓட்டுகிறார்கள் என்று ஒரு மெக்கானிக் இவர் காதில் ஓதிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. யார் யாரையோ பிடித்து, வரி கட்டாத ஸ்பிரிட்டை ரகசியமாக வாங்கி, பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். ஸ்பிரிட் அதிகம் தேவைப்படும் என்று கார்புரேட்டரில் எண்ணெய் பீய்ச்சுகிற துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கினார்.

"வெறும் பெட்ரோலு ஊத்துனா ஏத்தத்துல எஞ்சினு டொக்கு டொக்குன்னு இடிக்குது. இப்பப் பாரு, பூனை மாதிரி போகுது" என்பார்.

"காத்தால கெளம்ப மாட்டேங்குதே, அது எந்தப் பூனைங்க?" என்று கேட்டால் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய்விடுவார்.

ஸ்பிரிட் கலந்த எண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் லேசில் பற்றாது. அதற்காகவே கலப்பில்லாத பெட்ரோல் கொஞ்சத்தை ஒரு டின்னில் தனியாக வைத்திருந்தார். தினமும் காலையில் அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீங்கிப்போகும். நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டுவேன். குடும்பம் அப்படித்தான் நடந்தது. பஸ் சமஸ்தானத்துக்குள்ளேயே, மேற்கே சித்தூர் வரைக்கும் போய்த் திரும்பும். எல்லை தாண்டுகிற வேலை அதற்கு இருக்கவில்லை.

அந்த ஐப்பசியில் இவருடைய தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமனார் இல்லாத வீடு, அதனால் பொறுப்பெல்லாம் அண்ணன் தலையில். அவளுக்கு முதல் நாள் பொழுதிறங்க வலி கண்டது. மறுநாள் காலையில் மருத்துவச்சி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, "கொழந்த குறுக்க கெடக்குதுங்க. என்னால ஆகாது. கோயமுத்தூருல பொம்பளை டாக்டர்கிட்டக் கொண்டுபோங்க, சுருக்காப் போங்க" என்றாள்.

பஸ்ஸின் பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தையைப் போட்டோம். மாமியார் அவள் தலைமாட்டில், நான் கால்மாட்டில். அன்றைக்குப் பார்த்து வண்டி மறுபேச்சில்லாமல் கிளம்பியது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. அந்த நேரத்திலும் அந்தப் பெருமை.

எங்கள் ஊர் மலையாள ராஜாவின் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வெள்ளைக்காரன் ஆளுகிற கோயமுத்தூர்ப் பக்கம். நடுவில் ஒரு சாவடி, குறுக்கே ஒரு மூங்கில், ஒரு காவல்காரர். வரி கட்டாத சாராயம் அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பது அவர் உத்தியோகம். முன்பு இருந்தவருக்கு எங்களைத் தெரியும். இந்தக் காவல்காரர் புதிது, மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். வண்டி நின்றதும் மூக்கை உறிஞ்சினார்.

"எவிடே வெச்சிருக்கு?"

"என்னதுங்க?"

"சாராயம்."

மெத்தைக்கு அடியில் பார்த்தார். இருக்கைக்குக் கீழே பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, தங்கையைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேடினார். கடைசியில் வாசம் பெட்ரோல் டாங்கியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து, அதே அளவு தண்ணீர் விட்டுக் குலுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். அடியில் நின்ற தண்ணீர் கண்முன்னே கூடியது. மேலே மிதந்த பெட்ரோல் குறைந்தது.

"பெட்ரோல் வெள்ளத்தில சேராது. சேர்ந்ததெல்லாம் சாராயம்" என்று அடியில் நின்ற தண்ணீரைக் காட்டிச் சொன்னார்.

"குடிக்கறதுக்கு இல்லீங்க, வண்டிக்கு ஊத்தறதுங்க. பெட்ரோலு கலந்ததை எவன் குடிப்பான்? சாமி, உள்ள என்ற தங்கச்சி கெடக்கறாளுங்க" என்று இவர் கும்பிட்டார்.

"ஆளு போகலாம். சாராயம் போகான் பற்றில்லா, போகக்கூடாது. விட்டால் என் உத்தியோகம் போகும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். மாமியார் இறங்கி அவர் காலில் விழப் போனார். அவர் பதறிப் பின்வாங்கினாரே தவிர மூங்கிலைத் தூக்கவில்லை. உள்ளே தங்கை என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "அண்ணி, உதைக்குது பாருங்க" என்றாள். உதைத்தது. நல்ல பலமாகவே உதைத்தது. "ஏன் நின்னு போச்சு?" என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது? எண்ணெய் மாற்றுகிறார்கள் என்றேன்.

உண்மையும் அதுதான். இவர் டாங்கியின் அடித் திருகைக் கழற்றிவிட்டார். அத்தனை எண்ணெயும் சாவடி மண்ணில் கொட்டியது. கொட்டி முடிகிற வரைக்கும் காவல்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு இவர், காலையில் எஞ்சினைக் கிளப்ப வைத்திருந்த சுத்தப் பெட்ரோல் டின்னை எடுத்து ஊற்றினார். மூங்கில் மேலே போனது.

சுத்தப் பெட்ரோல்தானே, வண்டி பறக்கும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. ஸ்பிரிட்டுக்காகப் பெரிதாக்கிய துளை இப்போது பெட்ரோலை வேண்டாத அளவுக்குக் குடித்தது. பின்னால் கரும்புகை. எஞ்சின் இருமி இருமிப் போனது. புகை உள்ளே வராமலிருக்க நான் புடவைத் தலைப்பைத் தங்கையின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டேன். சின்னத் துளையுள்ள வேறு குழல் மாற்றவும் கையில் எதுவும் இல்லை. ராவிக் கெடுத்தது ஒன்றுதான் இருந்தது. சாதாரணமாக ஓடினால் அந்த டின் கோயமுத்தூர் வரைக்கும் வந்திருக்கும் என்று இவரே பிற்பாடு சொன்னார். அது பாதி வழியில் தீர்ந்துபோனது. சுற்றிலும் சோளக் காடு, ஆள் நடமாட்டமே இல்லை.

பருத்தி ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்று வருகிற வரைக்கும் காத்திருந்தோம். வண்டிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பொதிகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு இடம் பண்ணினார். மாடு மாட்டின் வேகத்தில்தான் போகும். வழியில் என் கை தங்கையின் வயிற்றின் மேலேயே இருந்தது. ஓர் இடத்துக்குப் பிறகு உள்ளே அசைவு தெரியவில்லை. வண்டி குலுங்குவதால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமியாரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

தங்கை பிழைத்துக்கொண்டாள். குழந்தை பெண். டாக்டரம்மா கோபக்காரர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு உயிரையும் காப்பாத்தியிருப்பேன். ஊர்லயே வச்சிட்டு வேடிக்கை பாத்தீங்களா?" என்று இவரைப் பிடித்து உலுக்குகிற மாதிரி கேட்டார். எந்நேரமும் எஞ்சினைப் பற்றிப் பேசுகிற மனிதர் அன்று கையில் படிந்த கரியைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

குழந்தையை எங்கள் காட்டிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மாமியார். அவர் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்துகொள்ள, நாங்கள் இருவரும் புறப்பட்டோம். இவர் சுத்தப் பெட்ரோலாக ஒரு டின் வாங்கிக்கொண்டார். நான் குழந்தையை என் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஜட்கா வண்டியில் பஸ் நின்ற இடம் வரைக்கும் வந்து, அதில் ஏறி ஊர்ப்பக்கம் திரும்பினோம். மறுபடியும் அதே கரும்புகை. வழியெல்லாம் அந்தக் காவல்காரருக்கு என்று வார்த்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். நான் வாய் திறந்தால் ஊரில் யாரும் எதிரே நிற்க மாட்டார்கள். அந்த ஆளை அன்றைக்கு விடுவதில்லை என்றிருந்தேன்.

சாவடியில் மூங்கில் குறுக்கே கிடந்தது. சமஸ்தானத்துக்குள் வருகிறவர்களிடம் அவர் வரி கட்டாத புகையிலை தேட வேண்டும், அதுவும் அவர் உத்தியோகம். எங்களை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வழக்கமாகக் கேட்கிற வாய், என் மடியைப் பார்த்துக் கேட்டுவிட்டது.

"அதில் என்னா? தொறந்து காட்டு."

நான் புடவையை விலக்கிக் காட்டினேன்.

அவர் ஓரடி பின்வாங்கினார். தலைப்பாகையைக் கழற்றினார். சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. பிறகு அவர், தரையைப் பார்த்துக்கொண்டு, "கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலா உயிர் போனது?" என்று கேட்டார். அப்படித்தான் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது.

"மாட்டுவண்டியிலீங்க. இங்க நின்னப்ப உசுரோட இருந்துச்சுங்க" என்றேன்.

அதை நான் அவருக்காக மட்டும் சொல்லவில்லை. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.